மெத்தைக்கு ஏற்ற கட்டில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெத்தை வாங்க வருகிறவர்கள் மெத்தையைப் பற்றி ஆயிரம் கேட்பார்கள். அதை எதன் மேல் போடப் போகிறோம் என்ற யோசனை, மெத்தை வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகுதான் வரும். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் பேச்சிலேயே கீழே கொடுத்திருக்கிறோம். அளவுகள் இன்ச் கணக்கு. ப்ளைவுட் கனம் மட்டும் மி.மீ.

1. மெத்தை நல்லதா இருந்தா போதாதா? கட்டில் எதுவா இருந்தா என்ன?

போதாது. மெத்தை நம் எடையை வாங்கிக் கீழே இறக்குகிறது. கீழே தாங்க எதுவும் இல்லாத இடத்தில் மெத்தையே வளைகிறது. ஒரே இடத்தில் ராத்திரி ராத்திரி வளைந்தால் அங்கே குழி விழும். “மெத்தை ஒரு வருஷத்தில் குழி விழுந்துவிட்டது” என்ற புகாரைத் தோண்டிப் பார்த்தால் பல நேரம் கட்டில் பலகையில்தான் போய் நிற்கும்.

மெத்தையைத் தூக்கிப் பார்த்து மூன்றைக் கவனியுங்கள்: பலகைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, கட்டிலின் நடுப்பகுதி தொய்கிறதா, மெத்தையின் அடியில் காற்று புகுமா.

2. எங்க வீட்டுக் கட்டில் என்ன வகைன்னே தெரியல. என்னென்ன வகை இருக்கு?

குறுக்கே தனித்தனிப் பலகைகள் கிடந்தால் பலகைக் கட்டில். ஒரே தட்டாக மூடியிருந்தால் ப்ளைவுட் தட்டுக் கட்டில். அந்தத் தட்டின் கீழ் சாமான் வைக்கும் அறை இருந்தால் ஸ்டோரேஜ் கட்டில். தட்டு, அழுத்தத்தில் காஸ் அடைத்த உருளைக் கம்பியின் (காஸ் கம்பி) விசையில் எழும்பினால் ஹைட்ராலிக். இரும்புச் சட்டத்தில் குறுக்குப் பட்டையோ தகடோ வைத்தது இரும்புக் கட்டில். பின்னிய நாடாவோ கயிறோ இருந்தால் சொல்லத் தேவையில்லை.

3. எந்த மெத்தைக்கு எந்தக் கட்டில் சரி?

தேங்காய் நார் மெத்தை, அதாவது ரப்பர் பால் தெளித்து அழுத்திய நார், வளைக்கக் கூடாத பொருள். வளைந்தால் உள்ளே நார்க்கட்டு உடையும். உடைந்தது திரும்பச் சேராது. அதற்கு முழுத் தட்டு நல்லது. பலகை என்றால் நெருக்கமாக இருக்க வேண்டும். நார் தானே காற்றை விடும் என்பதால் முழுத் தட்டிலும் பெரிய தொல்லை இல்லை.

லேடெக்ஸ் மெத்தை, அதாவது ரப்பர் நுரை, இதற்கு நேர் எதிர். கனமானது, நெகிழ்வானது, அடியில் காற்று கேட்பது. நெருக்கமான பலகைக் கட்டில்தான் அதற்கு முதல் தேர்வு. பி.யூ. (பாலியூரிதேன்) ஃபோமும் மெமரி ஃபோமும் பலகையிலும் தட்டிலும் படுக்கும். ஆனால் இடைவெளி அகலமானால் ஃபோம் அதற்குள் இறங்கிக்கொள்ளும். பழைய பாணி ஸ்பிரிங் மெத்தையில் சுருள்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும், சுற்றிலும் கம்பிச் சட்டம் இருக்கும். அதனால் இடைவெளியைக் கொஞ்சம் பொறுக்கும். பாக்கெட் ஸ்பிரிங் அப்படியில்லை. ஒவ்வொரு சுருளும் தனித் துணிப்பையில் நிற்பதால், கீழே பலகை இல்லாத சுருள் தன் வேலையைச் செய்யாது.

இலவம்பஞ்சு மெத்தை எதிலும் படுக்கும்: தரை, தட்டு, நாடாக்கட்டில், கயிற்றுக் கட்டில். அது கேட்பதெல்லாம் வெயிலும், சில வருஷத்துக்கு ஒருமுறை பஞ்சைப் பிரித்து அடித்துத் தைப்பதும்தான்.

4. பலகைக்குப் பலகை எவ்வளவு கேப் விடலாம்? ஆசாரி அஞ்சு இன்ச் போதும்கிறார்.

அஞ்சு இன்ச் இலவம்பஞ்சுக் காலத்துக் கணக்கு. ஃபோம், லேடெக்ஸ், பாக்கெட் ஸ்பிரிங் எல்லாவற்றுக்கும் மூன்று இன்ச்சைத் தாண்டாதீர்கள். இரண்டரை இருந்தால் நிம்மதி. நார் மெத்தைக்கு இரண்டு.

நார் தவிர மற்ற மெத்தைகளுக்கு, 75 இன்ச் நீளக் கட்டிலின் கணக்கு இது: 3 இன்ச் அகலப் பலகை 14 போட்டால் பலகை மட்டும் 42 இன்ச். மீதி 33 இன்ச்சை 13 இடைவெளியாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் இரண்டரை இன்ச் சொச்சம். ஆசாரியிடம் “நெருக்கமா அடிங்க” என்று சொல்வதைவிட “பதினாலு பலகை” என்று சொல்லுங்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பலகைக் கனம் முக்கால் இன்ச்சுக்குக் குறையக் கூடாது. நடுவில் கணு உள்ள பலகையை ஒதுக்கச் சொல்லுங்கள். முறிந்தால் அது அங்கேதான் முறியும். ஒவ்வொரு பலகையையும் இரு முனையிலும் திருகாணி போட்டுப் பிடிக்க வேண்டும். சும்மா அடுக்கி வைத்தால் நாளாக நாளாக நகர்ந்து, ஒரு பக்கம் நெருங்கி ஒரு பக்கம் அகன்றுபோகும்.

5. கேப் ஏற்கெனவே ஜாஸ்தி. மேல ஒரு ப்ளைவுட் போட்டுட்டா சரியாயிடுமா?

ஆகும். கீழே தாங்கு பலகைகள் ஒரு அடிக்கு ஒன்று வீதம் இருந்தால் 12 மி.மீ. போதும், இரண்டு அடிக்கு ஒன்று என்றால் 18 மி.மீ. எடுங்கள். 6 மி.மீ. தட்டு பலகைகளுக்கு நடுவே தானும் சேர்ந்து தொய்யும்.

வாங்கும் முன் ஷீட் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். ஷீட் 8 அடிக்கு 4 அடி, அதாவது 96க்கு 48 இன்ச். சிங்கிள் கட்டில் 75க்கு 36 ஒரே ஷீட்டில் வந்து மீதியும் இருக்கும். 72க்கு 60 கட்டிலுக்கும் ஒரு ஷீட் போதும்: 72க்கு 48 ஒரு துண்டு, மிச்சமாகும் 48க்கு 24 துண்டை நீளவாக்கில் இரண்டு 12 இன்ச் பட்டையாக அறுத்து ஒட்டுப்போட வேண்டும். 75க்கு 60 என்றால் இந்த வித்தை பலிக்காது, இரண்டு ஷீட் வேண்டும். எப்படி அறுத்தாலும் ஒட்டு வரும் கோடு ஏதாவது ஒரு சட்டத்தின் மேல் உட்கார வேண்டும். அந்தரத்தில் ஒட்டு விழுந்தால் ஒரு துண்டு இறங்கி, படுக்கும்போது முதுகில் விளிம்பு தெரியும்.

லேடெக்ஸுக்கும் ஃபோமுக்கும் தட்டில் துளை போடாமல் மெத்தையை வைக்காதீர்கள். துளைக் கணக்கு 8-ஆம் கேள்வியில்.

6. கடையில எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர்., பி.டபிள்யூ.பி.ன்னு குழப்பறாங்க. எது எடுக்கறது?

மூன்றும் ப்ளைவுட் ரகங்கள். எம்.ஆர். காற்றின் ஈரத்தை ஓரளவு தாங்கும், ஐ.எஸ். 303 தரக்குறியீட்டில் வருவது. பி.டபிள்யூ.ஆர். பசை அதைவிட ஈரம் தாங்கும். பி.டபிள்யூ.பி., கடைப் பேச்சில் மரைன், ஐ.எஸ். 710, சமையலறைத் தொட்டிக்குக் கீழே போடுவது. கட்டிலுக்கு எம்.ஆர். போதும். கடலோர ஊர், ஈரச் சுவர், சின்னக் குழந்தை படுக்கும் கட்டில் என்றால் பி.டபிள்யூ.ஆருக்குப் போகலாம். மரைன் போடுவது பணத்துக்குக் கேடு.

மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு மட்டும் வேண்டாம். ஈரம் பட்டால் உப்பும், ஓரத்தில் திருகாணி பிடிக்காது.

7. க்வீன் சைஸ் கட்டிலுக்கு நாலு கால் போதாதா? நடுவுல எதுக்கு அஞ்சாவது கால்?

60 இன்ச் அகலத்துக்கு ஒரே பலகை இரு ஓரத்தில் மட்டும் உட்கார்ந்தால், இரண்டு பேர் எடையும் அதன் நடுவில் விழுகிறது. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நடுச்சட்டம் ஒன்று ஓடினால் பலகையின் தொங்கும் தூரம் 30 இன்ச்சாகப் பாதியாகிறது. அந்த நடுச்சட்டமும் தொய்யும் என்பதால் அதற்கு அடியில் தரையைத் தொடும் ஒரு கால். கிங் சைஸுக்கு இரண்டு கால் வைப்பது நல்லது.

இந்தக் காலில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. தரை மட்டம் சரியில்லாத வீட்டில் நடுக்கால் அந்தரத்தில் நிற்கும். பார்வைக்கு இருக்கும், எடையை வாங்காது. ஒரு காகிதத்தை அடியில் நுழைத்து இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் காலுக்கு அடியில் ரப்பர் துண்டு வைத்து இறுக்கமாக்குங்கள்.

8. ஸ்டோரேஜ் கட்டில்ல மெத்தை அடியில கறுப்பு கறுப்பா பூஞ்சை. என்ன பண்றது?

உடம்பின் வெப்பமும் வியர்வையும் மெத்தை வழியாகக் கீழே இறங்கி, மூடிய தட்டில் முட்டி நின்றுவிடுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது அது காயவே காயாது. கீழ் அறையில் அரைகுறையாகக் காய்ந்த போர்வையை வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

தட்டில் ஒரு இன்ச் விட்டத்தில் துளைகள் போடுங்கள், துளைக்குத் துளை ஆறு இன்ச். சட்டம் ஓடும் கோட்டையும் விளிம்பிலிருந்து மூன்று இன்ச்சையும் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் தட்டு பலமிழக்கும். துளை விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து விடுங்கள். கட்டிலின் பக்கப் பலகையிலும் கால்மாட்டில் இரண்டு, தலைமாட்டில் இரண்டு துளை இருந்தால்தான் உள்ளே போன காற்று வெளியே வரும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பூஞ்சை பிடித்த மெத்தையை நிமிர்த்தி, ஃபேன் காற்றில் இரண்டு பக்கமும் காய விடுங்கள். நார், பஞ்சு மெத்தைகளை வெயிலில் போடலாம். லேடெக்ஸை நேர் வெயிலில் வைக்காதீர்கள்; ரப்பர் மொறுமொறுத்து உதிரும். ஃபோமும் மஞ்சளித்து நொறுங்கும்.

9. ஹைட்ராலிக் கட்டில்ல புது மெத்தை போட்டதும் தூக்க முடியல. முன்னாடி ஈஸியா வந்துச்சே?

காஸ் கம்பியின் விசை, மேலே இருக்கும் எடைக்குத் தக்கபடி தேர்ந்தது. மெத்தை மாறினால் எடை மாறுகிறது. 75க்கு 60, ஆறு இன்ச் கனமுள்ள 32 டென்சிட்டி ஃபோம் மெத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். 32 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டருக்கு 32 கிலோ. இந்த அளவு மெத்தை 0.44 கன மீட்டர். ஆக 14 கிலோ. அதே அளவில் 80 டென்சிட்டி லேடெக்ஸ் 35 கிலோ. பழைய கம்பி இந்தக் கூடுதல் 21 கிலோவை எதிர்பார்க்கவில்லை.

கம்பியின் உருளையில் 800, 1000, 1200 என்று விசை நியூட்டனில் அச்சடித்திருக்கும். அடுத்த எண்ணுக்கு மாற்றுங்கள், இரண்டு பக்கக் கம்பிகளையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிது ஒன்று பழசு என்றால் தட்டு கோணலாக எழும்பிக் கீல் முறியும். தலைகீழ்ச் சிக்கலும் வரும்: கனத்த மெத்தையை எடுத்துவிட்டு லேசானதைப் போட்டால் தட்டு முழுதாக மூடாமல் தானே எழும்பும். பழைய கம்பியை அறுப்பதோ துளைப்பதோ கூடாது, உள்ளே அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கிறது.

10. இரும்புக் கட்டில் மேல நேரா மெத்தை போடலாமா?

பெரும்பாலான இரும்புக் கட்டில்களில் குறுக்குப் பட்டைகள் ஆறு, எட்டு இன்ச் தள்ளித்தான் இருக்கும். 4-ஆம் பதிலின்படி அது எந்த நவீன மெத்தைக்கும் போதாது. 12 மி.மீ. தட்டு போட்டு, பட்டையில் இரண்டு மூன்று இடத்தில் கேபிள் டையால் கட்டிவிடுங்கள், நகராது.

முழுத் தகடு அடித்த கட்டில் இடைவெளிப் பிரச்சினையைத் தீர்க்கும், ஆனால் ஏ.சி. அறையில் தகடு குளிர்ந்து மெத்தையின் அடிப்பக்கம் வியர்க்கும். கடலோரத்தில் அந்த ஈரம் துருவாகி மெத்தைத் துணியில் பழுப்புக் கறை ஏறும். அங்கேயும் துளைத் தட்டுதான் மருந்து.

11. தாத்தாவோட நாடாக்கட்டில் இருக்கு. அதுல ஃபோம் மெத்தை போடலாமா?

வேண்டாம். நாடாவும் கயிறும் படுப்பவர் உடம்புக்கேற்பத் தொய்வதற்காகப் பின்னியவை. அதன் மேல் ஆறு இன்ச் ஃபோமைப் போட்டால் மெத்தை தூளியாக வளைந்து கிடக்கும். ஸ்பிரிங் என்றால் சுற்றுக் கம்பி கோணிக்கொள்ளும், பிறகு நிமிராது. கோடையில் வெறும் நாடாவில் ஒரு துப்பட்டியை விரித்துப் படுப்பதன் சுகம் வேறு. மெல்லிய இலவம்பஞ்சு மெத்தை வரை அதற்குச் சரி. தொய்ந்த கயிற்றுக் கட்டில் என்றால் கால்மாட்டுக் கயிற்றை இழுத்து இறுக்கிவிட்டுப் படுக்கலாம்.

12. கட்டிலே வேண்டாம், தரையில போட்டுக்கறேன். தப்பா?

தாங்கும் பலத்துக்குத் தரையை மிஞ்சக் கட்டில் இல்லை. குறை காற்று மட்டும். 8-இல் சொன்ன ஈரக் கதை தரையில் இன்னும் மோசம், அதுவும் கீழ்த்தளத்தில். கோரைப்பாயை இடையில் விரிப்பது தூசிக்கு உதவும், ஈரத்துக்குப் போதாது. தினமும் காலையில் மெத்தையைச் சுவரில் சாய்த்து வைக்கிற பழக்கம் இருந்தால் தாராளமாகத் தரையில் படுங்கள். முடியாதென்றால் மூன்று இன்ச் உயரத்தில் ஒரு பலகைச் சட்டம் அடித்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் மேடைக் கட்டிலுக்கும் இதே பதில்.

13. அம்மாவுக்கு முட்டி வலி. கட்டில் எவ்வளவு உயரம் இருக்கணும்?

மெத்தையோடு சேர்த்து அளக்க வேண்டும். விளிம்பில் உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் பதிந்து, தொடை தரைக்கு இணையாகவோ, இடுப்பு முட்டியைவிடக் கொஞ்சம் உயர்ந்தோ இருக்க வேண்டும். பலருக்கு இது 18 முதல் 22 இன்ச்சுக்குள் வரும். 14 இன்ச் ஸ்டோரேஜ் கட்டிலில் 10 இன்ச் மெத்தை போட்டால் 24 ஆகிவிடும். குள்ளமானவர்களுக்குக் கால் தொங்கும். கட்டில் உயரத்தை முடிவு செய்த பிறகு மெத்தைக் கனத்தைத் தேர்ந்தெடுங்கள்.

14. கட்டில் ஆறேகால் அடி, மெத்தை ஆறரை அடி வந்துடுச்சு. அழுத்தி வெச்சா உட்காராதா?

உட்காரும், நடுவில் வில்லாக எழும்பி. 72, 75, 78 என மூன்று நீளங்கள் நம் சந்தையில் புழங்குகின்றன; ஆறடி, ஆறேகால், ஆறரை. கட்டிலின் வெளியளவைச் சொல்லி மெத்தை வாங்குவதால்தான் இந்த வம்பு. பக்கச் சட்டங்களுக்கு உள்ளே, மெத்தை உட்காரும் பள்ளத்தை இரண்டு இடத்தில் அளந்து, சின்ன எண்ணிலிருந்து அரை இன்ச் கழித்துச் சொல்லுங்கள். பள்ளம் ஒன்றரை இன்ச் ஆழம் போதும். அதற்கு மேல் போனால் பெட்ஷீட் செருகும்போது கை சிராய்க்கும்.

15. ரெண்டு சிங்கிள் கட்டிலைச் சேர்த்து ஒரே பெரிய மெத்தை போடலாமா?

இரண்டும் ஒரே உயரம் என்றால் போடலாம். சேரும் இடத்துச் சட்டங்களை இரண்டு போல்ட்டால் இறுக்குங்கள். பக்கச் சட்டம் பலகையைவிட உயர்ந்திருந்தால் நடுவில் வரப்பு வரும். அப்போது சட்ட உயரத்துக்கு ரீப்பர் (ஒல்லியான மரக்கட்டை) அடித்து, மேலே 5-இல் சொன்னபடி தட்டு போட வேண்டும்.

16. வெளிநாட்டு வீடியோல பாக்ஸ் ஸ்பிரிங், வளைஞ்ச பலகை எல்லாம் காட்டறாங்க. நமக்கும் வேணுமா?

பாக்ஸ் ஸ்பிரிங் என்பது அமெரிக்காவில் பழைய ஸ்பிரிங் மெத்தைக்கு அடியில் வைக்கும் துணி போர்த்திய பெட்டி. இங்கே விற்கும் மெத்தைகளுக்குத் தேவையில்லை. மேல்நோக்கி வளைந்த ஒட்டுப் பலகைகள் லேடெக்ஸுக்கு நன்றாகவே பொருந்தும், எடை விழும்போது கொஞ்சம் இறங்கிக் கொடுக்கும். நார் மெத்தைக்கு அந்த அசைவே எமன். வளைவு மேலே பார்த்து இருக்கிறதா என்று மாட்டும்போது கவனியுங்கள். முனையைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்தான் முதலில் உடையும், உபரியாக நாலு வாங்கி வையுங்கள்.

17. ஆர்த்தோ மெத்தை வாங்கினோம். கெட்டிக் கட்டில்ல போட்டா இன்னும் நல்லதா?

கட்டில் மெத்தையைக் கெட்டியாக்காது, தொய்யாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். தேக்குப் பலகைக்கும் ப்ளைவுட்டுக்கும் முதுகுக்கு வித்தியாசம் தெரியாது. “ஆர்த்தோ” என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் அட்டையில் அச்சடிக்கலாம். முதுகுவலி இருந்தால் எவ்வளவு கெட்டி வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

18. புரண்டு படுத்தாலே கிரீச் கிரீச்சுங்குது. எங்கேன்னு கண்டுபிடிக்கறது?

மெத்தையை இறக்கிவிட்டுக் கட்டிலை மட்டும் மூலைக்கு மூலை அசையுங்கள். மூலையில் சத்தம் என்றால் பக்கச் சட்டத்தைத் தலைமாட்டோடு பிணைக்கும் போல்ட் தளர்ந்திருக்கும். வாஷர் போட்டு இறுக்குங்கள். மூலை அமைதியாக இருந்தால் பலகைகளை ஒவ்வொன்றாகக் கையால் அமுக்குங்கள். சத்தம் போடும் பலகைக்கும் அது உட்காரும் ரீப்பருக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தால் ஓய்ந்துவிடும். எண்ணெய் விடாதீர்கள், மண்ணெண்ணெய் கூடவே கூடாது; லேடெக்ஸில் பட்டால் ரப்பர் ஊறிப் பிசுபிசுக்கும்.

19. கட்டிலுக்கு அடியில மாவு மாதிரி தூள் கொட்டுது. கறையானா?

கறையான் மண் பூச்சு விட்டுச் செல்லும். மாவுத்தூளும் குண்டூசித் தலை அளவுத் துளையும் இருந்தால் மரத்தை உளுக்க வைக்கும் வண்டு. மேலே தேக்கு, கீழே பலகை மட்டும் ரப்பர் மரமோ பெட்டி மரமோ என்று செய்த கட்டில்களில் இது சகஜம், பக்குவப்படுத்தாத மரம். இரண்டு மூன்று பலகை என்றால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள், மருந்து அடிப்பதைவிடச் செலவு குறைவு. சட்டத்திலேயே துளை என்றால் மரப்பூச்சி மருந்தை ஊசியால் துளைகளில் ஏற்றி மெழுகால் அடைத்து, வாடை போகும் வரை மெத்தையை வேறு அறையில் வையுங்கள்.

20. குழி விழுந்தது மெத்தையா கட்டிலான்னு எப்படித் தெரியும்?

மெத்தையை நாலைந்து ராத்திரி தரையில் போட்டுப் படுங்கள். குழி தெரியவில்லை, வலியும் இல்லை என்றால் குற்றவாளி கட்டில். கட்டிலைத் தனியாகச் சோதிக்க, பக்கச் சட்டத்திலிருந்து எதிர்ச் சட்டத்துக்குக் கட்டிலின் நடுவாக்கில் ஒரு நூலை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். பலகையின் நடுவில் ஒருவரை உட்காரச் சொல்லி, நூலுக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு கூடுகிறது என்று அளங்கள். அரை இன்ச்சுக்கு மேல் கூடினால் 7-இல் சொன்ன நடுச்சட்டம் தேவை.

தரையிலும் குழி தெரிந்தால் மெத்தைதான். அப்போது கட்டிலுக்குப் பணம் செலவழிக்காதீர்கள்; ப்ளைவுட் போட்டுப் பழைய மெத்தையை நிமிர்த்த முடியாது.

21. கட்டில் சரியில்லைன்னு சொல்லி வாரண்டி தர மாட்டேங்கறாங்க. அப்படிச் சொல்லலாமா?

வாரண்டி அட்டையில் எந்த மாதிரிக் கட்டிலில் போட வேண்டும் என்று நிபந்தனை எழுதியிருந்தால் சொல்லலாம். எத்தனை இன்ச் குழி விழுந்தால் ஏற்பார்கள் என்பதும் அதிலேயே இருக்கும். வாங்கும்போதே உங்கள் கட்டிலின் பலகை எண்ணிக்கையையும் இடைவெளியையும் கடைக்காரரிடம் சொல்லி, “இது போதும்” என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மெத்தை வந்த அன்று மூடாத கட்டிலை, இடைவெளியில் அளவு டேப்பை வைத்து ஒரு போட்டோ எடுத்து, பில்லோடு சேர்த்து வையுங்கள். சோதிக்க வருபவர் அளக்கும்போது விறைப்பான நூலை மெத்தையின் குறுக்கே பிடித்து, யாரும் படுக்காத நிலையில் அளக்கிறாரா என்று கூடவே நின்று பாருங்கள்.